சீசன் இல்லாத மாதத்தில் சிவனொளிபாதம்: இருவர் போவதற்கு ஒரு நேரக்கணக்கு

டிசெம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிவது சிவனொளிபாதமலைச் சீசன். அப்போது அடிவாரத்து ஊரான நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை விளக்கு எரியும், வழிநெடுகத் தேத்தண்ணிக் கடை இருக்கும், முன்னாலும் பின்னாலும் சனம். வெசாக் கழிந்ததும் மலையின் காவல் தெய்வமான சமன் தெய்யோவின் சிலையைப் பெல்மதுளைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கடைகளில் கம்பும் தகரமுமே மிஞ்சும். ஆனால் பாதையை யாரும் மூடுவதில்லை. கூட்டம் பிடிக்காமல் ஒக்டோபர், நவம்பரில் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்தச் சரிவில் நேரே வந்து மோதும். அந்த மாதங்களை விட்டுவிடுங்கள்.

ஒக்டோபர் மழை வேறு மாதிரி. விடியலில் வானம் வெளுத்திருக்கும். வெயில் ஏற ஏற ஈரக்காற்று சரிவு வழியே மேலே போய் முகிலாகத் திரண்டு, மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணிக்கு இடியோடு கொட்டும். ஆகவே காலை வானத்தைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள். மணிக்கூட்டைப் பாருங்கள்.

சீசனில் எல்லோரும் இரவு இரண்டு மணிக்கு ஏறுவார்கள், சூரிய உதயம் பார்க்க. சீசன் இல்லாதபோது அதே வழக்கத்தைப் பிடித்துக்கொள்வது வீண். விளக்கு இல்லை, படி ஈரம், உச்சியில் பெரும்பாலும் வெறும் மூடுபனிதான். வியர்த்து நனைந்த உடம்போடு அங்கே ஒரு மணித்தியாலம் காத்திருந்தால் நடுக்கம் பிடிக்கும். 2,243 மீற்றர் உயரம் அது. நல்லதண்ணியைவிட ஆறேழு பாகை குளிர் கூட, காற்று தனி.

அதிகாலை 5.30க்குப் புறப்படுங்கள். ஏறத்தாழ 7 கிலோமீற்றர், 5,500 படி, 1,000 மீற்றர் ஏற்றம்: நிதானமாக ஏறினால் நான்கு மணித்தியாலம், இறங்க மூன்று. பத்து மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்பவேண்டும். உச்சி 200 படியில் தெரிந்தாலும் திரும்பவேண்டும். இதை முதல்நாள் இரவே இருவரும் பேசி முடியுங்கள். மேலே போய்ப் பேசினால் “இன்னும் கொஞ்சம்தான் மச்சான்” என்பவன்தான் வெல்வான். எத்தனையாவது தடவை ஏறினோமோ அத்தனை முறை உச்சியில் மணி அடிப்பது வழக்கம். அந்த ஆசையும் சேர்ந்து இழுக்கும்.

இவ்வளவு கண்டிப்பு ஏனென்றால், மேல்பகுதியில் படி ஏணி போல நிமிர்ந்துவிடும். அங்கே இரும்புக் கைபிடி இருக்கிறது. மழையில் அதைப் பிடிக்காமல் இறங்க முடியாது, மின்னலில் அதைத் தொடக்கூடாது. இரண்டும் ஒன்றாக வந்தால் செய்வதற்கு நல்லதாக ஒன்றுமில்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள்: மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர். 30 வினாடிக்குக் குறைந்தால் ஏறுவதை நிறுத்தி இறங்குங்கள். கைபிடிப் பகுதியிலேயே மாட்டிக்கொண்டால் பதினைந்து மீற்றராவது இடைவெளி விட்டு இறங்குங்கள். ஒருவருக்கு அடித்தால் மற்றவர் உதவ உயிரோடு இருக்கவேண்டும். மற்ற நேரங்களில் குரல் எட்டும் தூரத்தை விடாதீர்கள்.

வழுக்கி விழுவது அநேகமாக இறங்கும்போதுதான். ஆள் நடமாட்டம் குறைந்ததும் படியோரம் பாசி பிடித்துவிடும். படிகளின் உயரமும் ஒன்றுபோல் இராது. மழை பெய்தால் படிக்கட்டே வாய்க்கால். பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, முழங்காலை மடித்து, சிறு அடியாக இறங்குங்கள். சப்பாத்து லேசைக் கணுக்காலோடு இறுக்கிக் கட்டாவிட்டால் விரல்கள் முன்னே இடித்து நகம் கறுத்துவிடும். கீழே தேயிலைப் பக்கம் குடை நல்லது, மேலே வேண்டாம், ஒரு கை எப்போதும் வெறுமையாக இருக்கவேண்டும். தொங்கும் போன்சோவும் காலடியை மறைக்கும்; ரெயின்கோட்டும் காற்சட்டையும் தனித்தனியாக வருவதை வாங்குங்கள். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. மாற்றுச் சட்டை ஒன்றைப் பொலித்தீனில் சுற்றி வைத்து, உச்சிக்குப் போனதும் மாற்றுங்கள்.

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், ரொட்டியும் கட்டசம்பலும், கொஞ்சம் சர்க்கரை அல்லது எள்ளுருண்டை. பகல் பயணமானாலும் டோர்ச் ஆளுக்கொன்று. தங்குமிடத்தில் “இரண்டு மணிக்குள் வருவோம்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த உதவிக்கு 117. முதல்நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். நுவரெலியா மாவட்டத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை இருந்தாலே நான் போகச் சொல்லமாட்டேன், நல்லதண்ணிக்குப் போகும் ஹட்டன்–மஸ்கெலியா வீதியே மலையை வெட்டிப் போட்டதுதான்.

அட்டைக்குச் சவர்க்காரத்தை நீர் விடாமல் காலில் தேய்த்து, மேசுக்குள் (காலுறைக்குள்) காற்சட்டையைச் செருகினால் பாதி தப்பலாம். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். மெல்லிய முனைதான் வாய், அதன் ஓரத்தில் நகத்தை விட்டுத் தள்ளினால் கழன்றுவிடும். உப்புப் போட்டால் அது கக்கி, காயம் புண்ணாகலாம். இரத்தம் உறையவிடாத ஒன்றை அட்டை செலுத்துவதால் நெடுநேரம் ஒழுகும். துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். பஸ் ஏறுமுன் ஒருவர் கழுத்தையும் காது மடலின் பின்பக்கத்தையும் மற்றவர் பார்த்துவிடுங்கள், அந்த இடங்களைத் தானே பார்க்க முடியாது.