மழைக்காலத்துப் பேரிக்காய்

நுவரெலியாவில் மழை நாட்கணக்கில் ஓயாமல் தூறும்போது, எங்கள் பக்கத்துப் பேரிக்காய்களைக் கித்துள் பனையின் இனிப்புப் பாணியில் வேகவைப்பது என் வழக்கம். பச்சையாகக் கடித்தால் பல்லுக்கு வலிக்கும் அளவுக்கு அவை கடினமானவை என்பதாலேயே, வெந்த பின்னும் குழையாமல் உருவம் மாறாது நிற்கின்றன. மிருதுவான இறக்குமதிப் பழங்களை நான் இதற்கு வாங்குவதேயில்லை.

நான்கு காய்களைத் தோல் சீவிப் பிளந்து, கறுக்காதிருக்க உடனே தேசிக்காய்ச் சாறு கலந்த நீரில் இடுவேன். பின்னர் இரண்டு கோப்பை நீர், அரைக் கோப்பை கித்துள் பாணி, ஒரு துண்டு கறுவாப்பட்டை, இரண்டு கராம்பு ஆகியவற்றோடு மூடி, சிறு தீயில் ஏறத்தாழ 30 நிமிடங்கள் வைப்பேன்.

பாணியில்தான் எல்லாம் இருக்கிறது. கித்துள் பாளையிலிருந்து வடியும் பதநீரை விறகடுப்பில் காய்ச்சிய பாணிக்கு இலேசான புகைவாசம் உண்டு. ஒருமுறை சீனி கலந்த பாணியை அறியாமல் வாங்கிவிட்டேன்; வெறும் தித்திப்பைத் தவிர வேறெதுவும் நாவில் நிற்கவில்லை.

கத்தி நுனி தடையின்றி இறங்கியதும் பழத்தை எடுத்துவிட்டு, பாணி கரண்டியின் முதுகில் மினுமினுப்பாக ஒட்டும்வரை அதனை மட்டும் வற்றவிட வேண்டும். சிட்டிகை உப்பிட்ட கட்டியான தேங்காய்ப்பாலை மேலே ஊற்றினால், அது பழுப்புப் பாணிக்குள் வெண்கோடுகளாக மெல்லப் பரவும். அம்மாவுக்குச் சூடாகவே கொடுப்பேன். அவர் கிண்ணத்தை இரு உள்ளங்கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஆறும்வரை உண்ணாமல் அமர்ந்திருப்பார்.