பத்து பிளைண்டோடு உள்ளே போகலாமா?

இணையத்தில் கூடும் எங்கள் ஞாயிறு போக்கர் குழுவில் கொஞ்சக் காலமாக ஒரே வாக்குவாதம். போட்டி தொடங்கிய பிறகு வருகிற ஆளை எதுவரை உள்ளே விடுவது? அப்படி வருகிறவர் கடைசி நிமிடத்தில், பந்தயத் தொகை ஏறிய பிறகு, கொஞ்ச நேரத்துக்கே போதுமான சிப்ஸோடு (காசுக்குப் பதிலான வில்லைகள்) இறங்குவது அவருக்கு லாபமா, நட்டமா? வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அனுப்பி இது முடிகிற பாடாக இல்லை. அதனால் என் பக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன். இந்தக் கேள்வி குழுவில் மற்ற எல்லோரையும் விட என்னைத்தான் அதிகம் தொடுகிறது.

காரணம் நேரம். குழுவில் பாதிப் பேர் ரொறன்ரோவில், மற்றவர்கள் லண்டனிலும் பாரிஸிலும். எல்லோரும் சொந்தக்காரர்தான். வன்னியில் இருந்து விளையாடுகிறவன் நான் ஒருவன். ரொறன்ரோவில் ஞாயிறு காலை 9 மணிக்குத் தொடங்கினால், அங்கே கோடையில் இங்கே பின்னேரம் 6.30. குளிர்காலத்துக்கு அவர்கள் மணிக்கூட்டை மாற்றிய பிறகு 7.30. எனக்குப் பரந்தனுக்குக் கிட்ட ஒரு கராஜ். தண்ணீர்ப் பம்ப், லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) திருத்துவது தொழில். சிறுபோகக் காலத்தில் ஆறு, ஆறரைக்குத்தான் வயலால் வருகிறவர்கள் பழுதான மெசினைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். நாளை விடிய உழவு என்று வந்து நிற்கிறவரிடம் "எனக்கு ஒரு போட்டி இருக்கு, திங்கள் வாங்கோ" என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆக, நான் பிந்துவேன். அது மாறப்போவதில்லை.

காட்ஸ் எங்கள் யாருக்கும் புதிதில்லை. செத்த வீட்டுச் சாமங்களில் முன்னூற்றிநாலு பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2 என்று நாலு வகைக்கும் கூட்டினால் 304. அந்த விளையாட்டில் பிந்தி வருகிறவன் என்ற பேச்சே எழாது. நாலாவது ஆள் வந்து குந்தும்வரை தாள் பிரிக்க மாட்டார்கள். போக்கர் போட்டி யாருக்காகவும் காத்து நிற்காது. அதில் உனக்குரிய சிப்ஸ் உனக்குக் குறையாமல் கிடைக்கும். ஆனால் அந்த சிப்ஸால் வாங்கக்கூடிய நேரம் குறைந்துகொண்டே போகும்.

எங்கள் ஒழுங்கு இதுதான். ஆளுக்கு 10,000 சிப்ஸ். பிளைண்ட், அதாவது ஒவ்வொரு கையிலும் தாள் பார்க்கும் முன் இரண்டு பேர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கும் சின்ன, பெரிய பந்தயம், 50/100 இல் தொடங்கும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும். தொடக்கத்தில் உள்ளவரிடம் 100 பெரிய பிளைண்ட் இருக்கிறது. ஐந்தாம் கட்டம் 200/400, அப்போது அதே 10,000 என்பது 25 பிளைண்ட். ஆறாம் கட்டத்தில் 20. ஒன்பதாம் கட்டம் 500/1000, வெறும் பத்து. அந்தக் கட்டம் முடியும்வரை, அதாவது ஒன்றரை மணி நேரம், கதவு திறந்திருக்கும். ஒருமுறை வெளியேறினால் திரும்பி வர முடியாது.

லண்டன் மச்சான் சொல்வது: "நீ ஆறுதலா வா மச்சான், கடைசி நிமிசத்தில வந்தாலும் கணக்கு உன்ர பக்கம்தான்." அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அது எவ்வளவு உண்மை என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

பத்துப் பேர் ஆளுக்கு 1000 ரூபா போட்டுத் தொடங்கினார்கள் என்று வையுங்கள். பரிசு முதல் மூன்று பேருக்கு: 50, 30, 20 வீதம். ஐந்து பேர் வெளியேறிவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேரிடமும் ஆளுக்கு 20,000 சிப்ஸ் இருக்கிறது. இப்போது நான் 1000 ரூபா போட்டு 10,000 சிப்ஸோடு வருகிறேன். பரிசுத் தொகை 11,000 ஆகிறது: 5500, 3300, 2200. எல்லோரும் ஒரே திறமை என்று எடுத்தால் நான் முதலாவதாக வரும் வாய்ப்பு பதினொன்றில் ஒன்று, அதன் பெறுமதி 500 ரூபா. இரண்டாவதாக வர 10.1 வீதம், 333 ரூபா. மூன்றாவதாக வர 11.5 வீதம், 254 ரூபா. கூட்டினால் 1087. ஆயிரம் ரூபா போட்டு 1087 ரூபா பெறுமதியான இடத்தில் குந்துகிறேன், அதுவும் ஒரு தாளைக்கூடத் தொடுவதற்கு முன்.

இந்தக் கணக்கு முறைக்கு ஐ.சி.எம். என்று பெயர். 1987 இல் மேசன் மால்முத் இதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார். அதன் அடிப்படை, டேவிட் ஹார்வில் 1973 இல் குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை எத்தனையாவது வரும் என்று கணிக்க எழுதிய சூத்திரம். அது சொல்வது சுருக்கமாக இவ்வளவுதான்: வென்றவரிடம் எல்லாச் சிப்ஸும் சேர்ந்தாலும் எல்லாக் காசும் சேராது. ஆகவே பெரிய குவியலில் உள்ள ஒரு சிப்பை விடச் சின்னக் குவியலில் உள்ள ஒரு சிப் பெறுமதி கூடியது.

அந்த மேலதிக 87 ரூபா எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நான் வருவதற்கு முன் அந்த ஐந்து பேரின் இடமும் தலா 2000 ரூபா பெறுமதி. நான் வந்து குந்தியதும் 1982 ரூபா 50 சதம். ஒன்றரை மணி நேரம் கவனமாக விளையாடி ஐந்து பேரை அனுப்பியவர்களிடம் ஆளுக்கு 17 ரூபா 50 சதம் எடுத்துவிட்டேன். ரொறன்ரோச் சித்தப்பா ஐ.சி.எம். படித்தவர் இல்லை. ஆனால் ஆரம்பத்திலேயே சொன்னார்: "தம்பி, தொடக்கத்தில இருந்து இருக்கிறவன்ர காசில கை வைக்கிற வேலை அது." கணக்கு அவர் சொன்னதைத்தான் சொல்கிறது.

பரிசைப் பிரிக்கும் விதம் மாறினால் இந்த லாபமும் மாறும். முழுப் பரிசும் முதலாவது ஆளுக்கே என்றால் என் இடத்தின் பெறுமதி சரியாக 1000 ரூபா, ஒரு சதமும் கூட இல்லை. மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்தால் 1127. பெரிய போட்டிக்கு நுழைவுச்சீட்டு வெல்லும் சாட்டலைட் போட்டிகள் இந்த மூன்றாவது வகை. அங்கே பிந்தி நுழைவது நல்ல வழி. கட்டணம் எடுக்கும் தளமென்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பத்து வீதம் கட்டணம் என்றால் 1100 ரூபா கொடுத்து 1087 ரூபா பெறுமதியை வாங்குகிறீர்கள். கடைசி நிமிடத்தில் பாய்ந்தும் நட்டம்தான். எங்கள் குழுவில் கட்டணம் இல்லை, அதனால்தான் மச்சானின் வாதம் எங்களுக்குள் செல்லுபடியாகிறது.

இதுவரை எல்லோரும் ஒரே திறமை என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் அப்படி இல்லை, என் மனதில் உள்ள முக்கியமான விசயமும் இங்கேதான் இருக்கிறது.

பத்து பிளைண்ட் என்றால் என்ன வாழ்க்கை என்று பாருங்கள். 500/1000 கட்டத்தில் பெரிய பிளைண்ட் வைப்பவர் மேசை முழுவதற்குமாக ஆன்ட்டி (ante) என்ற கட்டாயப் பந்தயமாக இன்னொரு 1000உம் வைக்கிறார். ஒரு சுற்றுக்கு 2500 போகிறது. ஒரு கையும் விளையாடாமல் இருந்தால் நாலு சுற்றில் முடிந்துவிடும். ஆறு பேர் மேசையில் அது 24 கை, அதற்குள் பிளைண்ட் ஏறிவிடும். கைச் சிப்ஸை ஒரு சுற்றுச் செலவால் பிரித்துப் பார்க்கும் இந்த எண்ணை எம் என்பார்கள், பாக்கமன் உலகச் சம்பியன் பால் மக்ரீல் பெயரின் முதல் எழுத்து. எம் நாலு என்றால் முழுதாக உள்ளே தள்ளு, அல்லது விடு. இடையில் ஒன்றும் இல்லை. எல்லோரும் விட்டால் 2500 கிடைக்கும், பத்து பிளைண்ட் பன்னிரண்டரை ஆகும். யாராவது அழைத்தால், அதாவது அதே அளவு வைத்து எதிர்த்து நின்றால், தாள்தான் தீர்ப்புச் சொல்லும். ஒவ்வொரு மோதலிலும் 55 வீத வாய்ப்பு எனக்கிருந்தாலும், அடுத்தடுத்து இரண்டு மோதலைத் தாண்டி எழும்புவது 30 வீதம் மட்டுமே.

நூறு பிளைண்டோடு இருப்பவருக்கு விளையாட்டே வேறு. இரண்டு இரண்டு என்று ஒரு சின்னச் சோடி வந்தால் மலிவாகப் போய்ப் பார்க்கலாம். மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுத் தாளில் மூன்றாவது இரண்டு விழுவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒருமுறைதான். ஆனால் விழுந்தால் எதிராளியின் முழுக் குவியலும் கிடைக்கும் அளவுக்கு இரண்டு பேரிடமும் சிப்ஸ் இருக்கிறது. பத்து பிளைண்டில் அதே சோடிக்கு அந்த வழி அடைபட்டுவிடும். பொதுத் தாள் விழும் மூன்று தடவையும் எதிராளி எப்படிப் பந்தயம் வைக்கிறார், எப்போது தயங்குகிறார், வீம்புக்கு அழைக்கிறவர் யார், இதெல்லாம் தெரிந்திருந்தும் பயன்படுத்த இடமில்லை.

எங்கள் குழுவில் தவறுகள் நடப்பது முதல் 40, 50 நிமிடத்தில்தான். பாரிஸில் இருக்கிற அண்ணா ஒரு ஆஸ் கண்டால் கடைசிவரை விடமாட்டார். மச்சாள் நல்ல கை வந்தால் உடனே பெரிய பந்தயம் வைப்பா, மற்ற நேரம் சின்னதாக வைப்பா. இருவருமே பெரும்பாலும் ஏழாம் கட்டத்துக்கு முன் போய்விடுவார்கள். அவர்கள் சிப்ஸ் அந்த நேரம் மேசையில் இருந்தவர்களிடம் சேரும். நான் ஒன்பதாம் கட்டத்தில் வந்தால் மிச்சம் இருப்பவர்கள் சித்தப்பா போன்றவர்கள், பிழை விடாதவர்கள், என்னைப் போல இரண்டு மடங்கு சிப்ஸோடு. அந்த 87 ரூபாவுக்காக நான் விட்டுக்கொடுப்பது அந்த 50 நிமிடத்தை. என் அனுபவத்தில் அந்த 50 நிமிடம் 87 ரூபாவை விடப் பெறுமதி.

இதையே மறுபக்கமாகவும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர், மேசையில் பலவீனமானவர் என்றால் மச்சான் சொல்வது அவருக்குச் சரி. ஆழமான விளையாட்டில் அவர் இழக்கப்போவதை விடப் பத்து பிளைண்டில் இழப்பது குறைவு. எந்தக் கையைத் தள்ளலாம் என்ற பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டால் சித்தப்பாவோடும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கலாம். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்படியே தொடர்ந்தால் அவர் ஆழமான விளையாட்டை ஒருபோதும் பழக மாட்டார், அதுதான் எனக்குக் கவலை.

ஃபில் ஹெல்முத் பிந்தி வருகிறாரே என்று குழுவில் எப்போதும் யாராவது சொல்வார்கள். போக்கர் உலகத் தொடரில் 17 பட்டம் வென்றவர், பிந்தி வருவதற்குப் பேர்போனவர். ஆனால் உலகத் தொடரின் பிரதான போட்டியில் 60,000 சிப்ஸ் தருகிறார்கள், ஒரு கட்டம் இரண்டு மணி நேரம். அங்கே பிந்தி வருகிறவரிடமும் பத்து பிளைண்டுக்குப் பல மடங்கு இருக்கும். பத்து நிமிடக் கட்டத்தில் பிந்துவதோடு அதை ஒப்பிட முடியாது. 1982 இல் ஜாக் ஸ்ட்ராஸ் ஒரே ஒரு 500 டொலர் சிப்போடு நின்று, கடைசியில் பிரதான போட்டியையே வென்ற கதையையும் எடுப்பார்கள். எனக்கும் பிடித்த கதைதான். அவர் அந்த நிலைக்குத் தள்ளப்பட்டவர், காசு கொடுத்து அதை வாங்கியவர் இல்லை.

பவுண்டி வைத்து விளையாடும் ஞாயிறுகளில் பிந்தி வருவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். 1000 ரூபாவில் 500 ஒவ்வொருவர் தலையிலும் இருக்கிறது, அவரை வெளியேற்றுகிறவருக்கு அது. ஐந்து பேர் போன பிறகு வருகிறவருக்கு அந்த ஐந்து தலைக் காசும், 2500 ரூபா, ஏற்கனவே கைமாறிவிட்டது. மிச்சம் உள்ளவர்களை வெளியேற்ற அவர்களிடம் உள்ள அளவு சிப்ஸாவது வேண்டும், பத்தாயிரத்தால் இருபதாயிரத்தை வெளியேற்ற முடியாது. ஆனால் அவர்கள் எல்லோராலும் உங்களை வெளியேற்ற முடியும், அதனால் நீங்கள் தள்ளும்போது அழைக்கவும் கூடுதலாக ஆசைப்படுவார்கள். பத்து பிளைண்டின் ஒரே ஆயுதம் எதிராளி விட்டுவிடுவது. பவுண்டி அதையும் பறிக்கிறது.

காசு பற்றியும் ஒரு வார்த்தை. என் நுழைவுக் காசைத் தான் போடுவதாகச் சித்தப்பா அன்போடு சொன்னார், நான் சம்மதிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் கிழமைக் கடன் கட்டி நொந்துபோன வீடுகள் எனக்குத் தெரியும். கராஜில் அந்தக் கிழமை உழைத்து மிஞ்சியதில் 1000 ரூபா இருந்தால் விளையாடுவேன், இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டிருப்பேன். பிந்தி வருகிறவருக்கு இது இன்னும் முக்கியம். பத்து பிளைண்டோடு இறங்கினால் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அந்தச் சூட்டோடு வேறு தளத்தில் இன்னொரு போட்டியில் காசு போடத் தோன்றும்.

என் வழக்கம் இப்போது இதுதான். 7.10க்கு முன் கையில் உள்ள கிறீஸைக் கழுவிவிட்டால் மகிழ்ச்சியாக நுழைவேன், 25 பிளைண்டில் இன்னும் விளையாட்டு இருக்கிறது. 7.30 வரை என்றால் மேசையில் யார் மிச்சம் என்று பார்ப்பேன். பாரிஸ் அண்ணா இருந்தால் நுழைவேன், சித்தப்பாவும் மச்சானும் மட்டும் பெரிய குவியலோடு இருந்தால் விடுவேன். அதற்குப் பிறகு கணக்கு என்ன சொன்னாலும் அந்த ஞாயிறு நான் இல்லை.

வருகிற ஞாயிறு போட்டி தொடங்குவதற்கு முன் இதை வாக்குக்கு விடப்போவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். அந்த நேரம் நான் அநேகமாக ஒரு லாண்ட்மாஸ்டருக்குக் கீழே கிடப்பேன், ஆகவே என் வாக்கை இப்போதே பதிகிறேன். சாதாரண ஞாயிறுகளில் ஆறாம் கட்டம் முடிய, 20 பிளைண்டில் கதவைப் பூட்டுங்கள். பவுண்டி ஞாயிறுகளில் மூன்றாம் கட்டத்தோடு பூட்டுங்கள். மச்சான் நான் அவர் பக்கம் நிற்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். கதவு முன்னுக்குப் பூட்டினால் அதிக ஞாயிறுகளை இழக்கப்போவது நான்தான் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.