வியாசர்பாடி பஸ்ஸும் அத்திப்பட்டு புகையும்

2070க்குள்ள நெட் ஸீரோ, அதாவது நாம விடுற கார்பன் புகையும் திரும்ப உறிஞ்சப்படுற அளவும் சமமாயிடும்னு 2021ல கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுல டெல்லி சொல்லிடுச்சு, ஆனா அத செஞ்சு காட்ட வேண்டியது ஸ்டேட் தான், பஸ்ஸு, கரண்டு, குப்பைன்னு எல்லாமே இவங்க கைல தான இருக்கு. 2025 ஜூன்ல வியாசர்பாடி டெப்போல 120 எலக்ட்ரிக் பஸ் விட்டாங்க, டீசல் நாத்தம் இல்ல, படி தாழ்வா இருக்கு, எங்க ஆயா யார் கையும் புடிக்காம ஏறுது, மனசார பாராட்டுறேன். ஆனா அதுக்கு முன்னாடி வருஷம் மார்ச்ல தான் எண்ணூர் கிட்ட அத்திப்பட்டு பக்கம் 800 மெகாவாட் நிலக்கரி கரண்டு யூனிட்ட தொறந்தாங்க. எண்ணூர்ல கொசஸ்தலை ஆத்துல எறங்கினா கால்ல நிலக்கரி சாம்பல் சேறு அப்பிக்குது, அந்த சேத்துல கைய விட்டு தான் எறா தடவுறாங்க. பஸ்ஸுக்கு ஏத்துற கரண்டு நிலக்கரில இருந்து வந்தா புகை எடம் மாறுதே தவிர போகல, மாறி வர்ற எடமும் எங்க ஊரு தான். அடுத்த யூனிட்ட ஓட்டுறதுக்கு முன்னாடி ஆத்து சாம்பல எப்ப அள்ளுவீங்கன்னு தேதி சொல்லுங்க.