பிரச்சினை காணப்படவில்லை

மார்ச் 4

ஓடிக்கொண்டிருந்த வண்டி இன்று நடுரோட்டில் உயிரை விட்டது. சத்தமில்லை, உதறல் இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், வண்டி கேட்கவில்லை, அவ்வளவுதான். டேஷ்போர்டில் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் சேர்ந்து எரிந்த பிறகுதான் எஞ்சின் நின்றிருப்பதே புரிந்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பிரேக் முதல் இரண்டு மிதிக்கு வழக்கம்போல் இறங்கியது, மூன்றாவது மிதிக்கு மரக்கட்டை. எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்குமாம். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்து படித்தேன். அந்த நேரத்தில் யாருக்கு இதெல்லாம் ஞாபகம் வரும்?

பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. ஹசார்ட் விளக்கைப் போட்டு, நியூட்ரலில் உருட்டி ஓரம் கட்டினேன். பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. என் கை நடுக்கம் நிற்கத்தான் அதைவிட நேரமானது.

மார்ச் 6

சர்வீஸ் சென்டர். ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். எரர் கோடு எதுவும் இல்லை.

"யாரு மேடம் ஓட்டுனது, நீங்களா?" என்றார் அட்வைசர்.

நான்தான் என்றேன். கிளட்ச்சைச் சட்டென்று விட்டிருப்பீர்கள், ஆஃப் ஆகியிருக்கும் என்றார். 60 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் போகிற வண்டி கிளட்ச்சை விட்டதில் எப்படி ஆஃப் ஆகும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார். ஜாப் கார்டில், அதாவது வேலைச் சீட்டில் எழுதினார்: பிரச்சினை காணப்படவில்லை.

மார்ச் 21

மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை மேட்டில் ஏறும்போது.

இன்று முதல் ஒரு குறிப்பேடு போட்டிருக்கிறேன். தேதி, மீட்டர் ரீடிங், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், வெயில் எப்படி, எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு நின்றது, எத்தனை நிமிஷத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆனது. வாயால் சொன்னால் கிளட்ச் என்கிறார்கள், எழுதிக் காட்டினால் என்ன சொல்வார்கள் என்று பார்ப்போம்.

மார்ச் 30

மூன்றாவது தடவை. குறிப்பேட்டைப் புரட்டி, முதல் தடவையையும் ஞாபகப்படுத்திப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மூன்று தடவையும் டேங்க் கால்வாசிக்குக் கீழே. நிறைய இருக்கும்போது ஒருநாளும் நின்றதில்லை.

ஏப்ரல் 9

கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. "உங்கள் வாகனத்தில் பொருத்தப்பட்டுள்ள ஃப்யூவல் பம்ப் சில சூழல்களில் செயலிழக்கக்கூடும். அதனால் ஓட்டும்போது எஞ்சின் நின்றுபோக வாய்ப்புள்ளது." ரீகால்! குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது.

ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வண்டியில் கோளாறு என்பதற்காகச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். ஒரு மாதமாக நான் சொன்னதை அவர்கள் லெட்டர்ஹெட்டிலேயே எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

உடனே போன் செய்தேன். சேசிஸ் நம்பரைக் கேட்டார்கள். 17 எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் "ஓ" என்றேன். அந்தப் பெண் அலுத்துக்கொள்ளாமல், "மேடம், அது பூஜ்யம். சேசிஸ் நம்பர்ல ஐ, ஓ, கியூ மூணும் வராது" என்றாள். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடும் என்றே அந்த எழுத்துகளை வைப்பதில்லையாம். இவ்வளவு யோசித்தவர்கள் பம்பையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வண்டி பட்டியலில் இருக்கிறது. ஆனால் பார்ட் இன்னும் வரவில்லை. எப்போது வரும்? தெரியாது. அதுவரை ஓட்டலாமா?

"ஓட்டலாம் மேடம். பார்த்து ஓட்டுங்க."

எதைப் பார்த்து?

ஏப்ரல் 13

தூக்கம் வராத ராத்திரிகளில் இதே படிப்பாக இருக்கிறேன். பம்ப் டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. அதற்குள் காசு அளவில் ஒரு பிளாஸ்டிக் சக்கரம், இம்பெல்லர் என்கிறார்கள். அது சுழன்றுதான் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுகிறது. பிளாஸ்டிக் சரியான கெட்டியில் வார்க்கப்படவில்லை என்றால் நாளாக நாளாகப் பெட்ரோலை உறிஞ்சி உப்பும். அதற்கும் மூடிக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. உப்பினால் உரசும், உரசினால் திணறும், சூடானால் இறுகி நின்றேவிடும். ஆறினால் மறுபடி சுழலும். என் பத்து நிமிஷக் கணக்கு இப்போது புரிகிறது. கால் டேங்க் கணக்கும்தான். பம்பைக் குளிர்விப்பதே சுற்றி இருக்கும் பெட்ரோல்தானாம். அது குறைந்தால் சூடு ஏறத்தானே செய்யும்.

அப்படியே டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரத்துக்குப் போய்விட்டேன். ஏர்பேக்கை ஊதவைக்கும் மருந்து அம்மோனியம் நைட்ரேட். வருஷக்கணக்கில் வெக்கையும் ஈரமும் பட்டுக் கெட்டுப்போய், விபத்து நேரத்தில் அதை அடைத்திருந்த உலோகக் கூடே வெடித்து உலோகச் சில்லுகளை ஓட்டுபவர் மேலேயே வீசியது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான ஏர்பேக்குகளைத் திரும்ப அழைத்தார்கள். 2017-இல் அந்த நிறுவனம் திவாலானது. இதெல்லாம் செய்தியில் வந்ததுதான். எனக்குத் தெரியாதது இன்னொன்று. மாற்றுப் பாகம் போதாததால் பல வண்டிகளில் பழையதை எடுத்துவிட்டு அதே ரகத்தில் புதியதையே மாட்டினார்கள். புதிது என்பதால் சில வருஷம் தாங்கும், அப்புறம் திரும்ப வாருங்கள் என்று. அந்த வண்டிக்காரர்கள் ஒரே ரீகாலுக்கு இரண்டு தடவை வரிசையில் நின்றார்கள்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். இன்னும் தூக்கம் வரவில்லை.

மே 6

பார்ட் வந்துவிட்டது. நாலு மணி நேர வேலை. பின் சீட்டைத் தூக்கி, அதற்கடியில் இருக்கும் வட்ட மூடியைத் திறந்து மாற்றுகிறார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்காரச் சொன்னார்கள்.

பழைய பம்பைப் பார்க்க வேண்டும் என்றேன். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், தர முடியாது என்றார்கள். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று பிடிவாதம் பிடித்ததில் இரண்டு பம்பின் லேபிளையும் பக்கத்தில் வைத்துப் படமெடுக்க விட்டார்கள். பார்ட் நம்பரில் கடைசி எழுத்து வேறு. அப்பாடா.

இதை நான் தேடியதற்குக் காரணம் ஜெனரல் மோட்டார்ஸின் சாவி ஸ்விட்ச் கதை. அந்த ஸ்விட்ச் லேசான இடிக்கே ஆஃப் பக்கம் நழுவிவிடும். எஞ்சின் நிற்கும், ஏர்பேக்கும் விரியாது. 2006-இல் உள்ளே இருந்த பாகத்தை மாற்றினார்கள், பார்ட் நம்பரை மட்டும் மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணில் இருந்ததால் எது கெட்டது, எது நல்லது என்று துப்புத் துலக்க வந்தவர்களே குழம்பினார்கள். ரீகால் வந்தது 2014-இல். பிறகு அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் மட்டும் 124.

மே 8

டேங்கை நிரப்பினேன். இன்று காலை கதவைத் திறந்தால் உள்ளே பெட்ரோல் வாடை. பின் சீட்டில் குப்பென்று அடிக்கிறது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மே 9

பம்புக்கு மேலே இருக்கும் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடாமல் பழையதையே வைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. டேங்க் நிறைந்தால் மட்டும் அதன் வழியாகக் கசிவு. மாற்றிக் கொடுத்தார்கள். "சின்ன விஷயம்தான் மேடம்." குழந்தை உட்காரும் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் கசிவது சின்ன விஷயம்.

மே 27

நின்றுவிட்டது.

புது பம்ப் போட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. அதே மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல். இந்தத் தடவை நான் பயப்படவில்லை, பழகிவிட்டது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஓரம் கட்டிவிட்டு முதலில் குறிப்பேட்டைத்தான் எடுத்தேன். பெட்ரோல்: முக்கால் டேங்க். எழுதிவிட்டுத் திரும்பப் பார்த்தேன். முக்கால் டேங்க்! இது பழைய கணக்கில் சேரவில்லை. ஒன்றரை மணி நேர ஓட்டம், உச்சி வெயில், அது மட்டும்தான் பழையபடி.

மே 28

"உங்க ரீகால் முடிஞ்சிருச்சு மேடம். சிஸ்டத்துல க்ளோஸ் ஆயிருச்சு."

வண்டி நிற்கிறதே என்றேன்.

"பம்ப் புதுசு மேடம்."

பம்ப் புதுசு என்பது எனக்கும் தெரியும். வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தேன்.

ஜூன் 2

ஐந்து நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். மீட்டரைப் பார்த்தேன். ஐந்து நாளில் 9 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஓடினால்தான் நிற்கும் என்று குறிப்பேட்டை நகலெடுத்தே கொடுத்திருந்தேன். அதை மடித்து ஜாப் கார்டுக்குப் பின்னால் குத்தி வைத்திருந்தார்கள், பிரித்த அடையாளமே இல்லை. ஜாப் கார்டில் அதே வாசகம். இந்த மூன்று மாதத்தில் எனக்கு மனப்பாடமானது அந்த இரண்டு வார்த்தைதான். கோளாறு இல்லை என்று எழுதினால் நாளைக்குப் பொறுப்பு வரும். காணப்படவில்லை என்றால் யார் தலையிலும் விழாது.

ஜூன் 7

தோழி சொல்லி வெளியே ஒரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர். ஸ்கேனரை எடுக்கவே இல்லை. குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு நோட்டைப் படித்ததற்கு அழுகை வரும் அளவுக்கு என்னை ஆக்கிவிட்டார்கள்.

"பம்ப் மாத்துறதுக்கு முன்னாடி கால் டேங்க்ல நிக்குது. மாத்துன பிறகு பெட்ரோலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அப்போ இது வேற வியாதிம்மா."

ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்தார். எஞ்சினை ஓடவிட்டபடியே பின் சீட்டைத் தூக்கி, பம்புக்குப் போகும் பிளக்கில் பின்பக்கமாக வோல்ட் மீட்டரின் ஊசியைச் செருகினார். பேட்டரியில் 13.9 வோல்ட். பம்புக்குப் போவது 10.6. நடுவில் மூன்று வோல்ட்டுக்கு மேல் எங்கோ தொலைகிறது. எஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்றினார். ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வந்ததும் என்னிடம் நீட்டினார்.

நாலு பின். மூன்று பளபளவென்று வெள்ளி நிறம். நாலாவது கருகிப் பழுப்பாகி, அதைச் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் டீக்கறை படிந்த மாதிரி மஞ்சளித்து, ஓரத்தில் உருகி வழிந்து உறைந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், எரிந்த வாடை.

"பழைய பம்ப் உரசி உரசி ஓடுச்சுல்ல, அப்ப கரண்ட்டை அதிகமா இழுத்திருக்கும். அதுல இந்தப் பின் சூடாகி வாய் விரிஞ்சுபோச்சு. இவங்க புது பம்பைப் போட்டு இதே கருகுன பிளக்கைத் திருப்பிச் சொருகிட்டாங்க. சூடானா தொடர்பு விட்டுரும், ஆறினா சேர்ந்துக்கும். ஸ்கேனர் ஒயர் கருகுனதைச் சொல்லாதும்மா."

நாலு மணி நேரம் வேலை செய்தவர் கையில் இந்தப் பிளக் இரண்டு தடவை வந்து போயிருக்கும், கழற்றும்போது ஒன்று, மாட்டும்போது ஒன்று. ரப்பர் வளையத்தையும் சேர்த்தால் என் வண்டியைத் திறந்த இரண்டு தடவையும் அது அங்கேதான் இருந்தது. சுற்றறிக்கையில் பம்ப் என்று போட்டிருந்தது, பம்பை மாற்றினார்கள்.

ஜூன் 10

மெக்கானிக்கையே மாற்றச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது அவர்கள் வைத்த நெருப்பு, அவர்களே அணைக்கட்டும் என்று வீம்பாகப் போனேன். படங்களைக் காட்டினேன். அட்வைசர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரிக்கவில்லை.

"ஒயரிங் ரீகால்ல வராது மேடம். வாரன்டியும் முடிஞ்சிருச்சு."

பம்பால்தானே ஒயர் கருகியது? ஆமாம். பம்ப் உங்கள் குறைதானே? ஆமாம். அப்புறம்? மேலே கேட்க வேண்டும். மேலே இருப்பவர் வந்தார். அவரிடமும் முதலிலிருந்து. இரண்டு மணி நேரம் கழித்து, "நல்லெண்ண அடிப்படையில்" இலவசமாக மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். அந்த வார்த்தைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். அடித்துவிட்டு "கனெக்டர் கருகியிருந்தது, மாற்றப்பட்டது" என்று எழுதச் சொன்னேன். அது காணப்பட்டது என்பதற்கு ஒரு காகிதமாவது வேண்டுமே.

கருகிய பிளக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதைத் திருப்பி அனுப்பச் சொல்லி அவர்களுக்கு உத்தரவு எதுவும் இல்லையாம்.

ஜூன் 14

கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதி, படங்களையும் குறிப்பேட்டின் பக்கங்களையும் சேர்த்து அனுப்பினேன். இதே பம்ப் மாற்றிய மற்ற வண்டிகளில் பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் உடனே வந்தது, இயந்திரம் அனுப்பியது.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது பம்ப் மாற்றிய பிறகும் வண்டி நின்றால், பின் சீட்டைத் தூக்கச் சொல்லி அந்தப் பிளக்கைக் கண்ணால் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூன் 26

மூன்று மணி நேர ஓட்டம். நல்ல வெயில், நடுவில் ஒரு நீண்ட மேடு. மேட்டில் ஏறும்போது கால் தானாகவே பிரேக்குக்கு மேலே போய் நின்றுகொண்டது. மகள் பின்னால் தூங்கிவிட்டாள்.

மீட்டர் 62,418. பெட்ரோல் கால்வாசிக்குக் கீழே. நிற்கவில்லை.