நிற்கிற வண்டியின் கணக்கு

சரக்கு வண்டிகளின் செயல்திறனைக் கூட்டும் பொறுப்பு என் கைக்கு வந்தபோது கூடவே வந்த உத்தரவு இரண்டே சொல்: டீசலைக் குறை. எல்லா இடத்திலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். டீசல் பில் மாதாமாதம் மேசைக்கு வந்து கண்ணை உறுத்துகிறது. லோடு ஏற்றுமிடத்தில் அரை நாள் காத்துக் கிடந்த லாரிக்கு யாரும் பில் போடுவதில்லை. செலவு எந்தப் பக்கம் அதிகம் என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. ஆனாலும் டீசலில் தொடங்கியது நல்லதுக்குத்தான், ஏனென்றால் அதைத் துரத்திப் போனதில்தான் மற்றது அகப்பட்டது.

முதல் வேலை, மைலேஜ் என்று எழுதி வைத்திருந்த எண்ணை நம்பும்படி ஆக்குவது. டேங்கை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுவது பழைய முறை. முறை சரிதான், ஆனால் ஒரு தடவை நிரப்பியதை வைத்து எதையும் சொல்ல முடியாது. வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலும், நுரை அடங்குமுன் பம்பை நிறுத்தினாலும் அளவு மாறும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் டீசல் ஏறக்குறைய 0.8 சதவீதம் விரிகிறது, அதாவது 300 லிட்டர் டேங்கில் 2 லிட்டருக்கு மேல். இந்த வித்தியாசத்தை வைத்து ஒரு டிரைவரிடம் 'டீசல் எங்கே போச்சு' என்று கேட்பது அநியாயம். அதனால் பல நிரப்பல்களைக் கூட்டிப் பார்க்கத் தொடங்கினோம். புதிய கனரக வண்டிகளில் எஞ்சின் கணினியே செலவான எரிபொருளைக் கணக்கு வைத்திருக்கிறது, கனரக வண்டிகளின் கணினிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஜே1939 என்ற தரத்தின் வழியாக அதை வெளியே எடுத்துவிடலாம். அந்த எண் நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும் என்றில்லை. ஆனால் பிசகினால் எப்போதும் ஒரே பக்கமாகப் பிசகும். அதே வண்டியை அதனோடே ஒப்பிட அது போதும்.

ஒப்பீடு என்றதும் டிரைவர்களுக்கு வரிசைப் பட்டியல் போடச் சொன்னார்கள். நான் மறுத்தேன். மலைப்பாதையில் முழு லோடோடு ஏறுகிறவர் என்றைக்கும் கடைசியில் இருப்பார், சமவெளியில் பாதி லோடோடு போகிறவர் என்றைக்கும் முதலில் இருப்பார். இதில் திறமை எங்கே தெரிகிறது? ஒரே பாதை, ஏறக்குறைய ஒரே எடை, ஒரே வகை வண்டி என்று பிரித்த பிறகுதான் எண்கள் பேச ஆரம்பித்தன. அப்படிப் பார்த்தபோது டிரைவர்களுக்கிடையே இருந்த வித்தியாசத்தைவிட வண்டிகளுக்கிடையே இருந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது.

அந்த வித்தியாசத்தில் பாதி டயரில் இருந்தது. குறிப்பாக, பின் அச்சின் ஜோடி டயர்களில் உள்பக்கம் இருக்கும் டயரில். அதன் வால்வுக்குக் கை எட்டாது, ஆகவே யாரும் காற்று பார்ப்பதில்லை. இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்து 'சரியா இருக்கு' என்று சொல்லிவிடுவார்கள். தட்டும் சத்தம், டயர் முழுதும் இறங்கிவிட்டதா என்பதை மட்டும் சொல்லும், கொஞ்சம் குறைந்திருப்பதைச் சொல்லாது. ஜோடியில் ஒன்று தளர்ந்தால் அதன் பங்குச் சுமையை மற்றது சுமக்கும். தளர்ந்தது வளைந்து வளைந்து சூடேறும், சுமப்பது சீக்கிரம் தேயும், உருளும் தடை கூடுவதால் டீசலும் போகும். உள் டயர் வால்வுக்கு நீட்டுக் குழாய் மாட்டினோம். வண்டி கிளம்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும் என்று விதி வைத்தோம். ஓடி வந்த டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் ஆறிய பிறகு குறைந்து நிற்கும். இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது.

அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்பதைக் கண்டுபிடிக்க எங்கள் மூத்த மெக்கானிக் ஒரு வழி காட்டினார். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவ வேண்டும். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் கூராகவும் பட்டால் சக்கரம் நேராக உருளவில்லை, பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது. கருவி வருமுன்பே எந்த வண்டியை அலைன்மென்ட் பார்க்க அனுப்ப வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80 கிலோமீட்டரிலிருந்து 90க்குப் போனால் எதிர்ப்பு சுமார் 27 சதவீதம் கூடும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைக்கலாம் என்று பேச்சு வந்தது. அதற்கு முன் டிரைவர்களையே கேட்போம் என்று உட்கார்ந்தேன். வயதில் மூத்த டிரைவர் ஒருவர் சொன்னார்: "சார், எனக்கு ஓட்டறதுல அவசரம் இல்ல. கேட்டை விட்டு வெளிய வரதே லேட்டு. அங்க போற நேரம் மட்டும் மாறாது. இடையில இருக்கற ரோட்டுலதான் நான் அதைப் பிடிக்கணும்."

அதற்குப் பிறகு நான் சாலையைப் பார்ப்பதை விட்டு லோடு ஏற்றும் முற்றத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஜிபிஎஸ் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. எல்லோரும் அதை வண்டி எங்கே ஓடுகிறது என்று பார்க்கப் பயன்படுத்தினார்கள். நான் வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டேன். ஒவ்வொரு லோடுக்கும் நான்கு நேரங்களைக் குறிக்க வைத்தோம்: கேட்டுக்கு வந்தது, ஏற்றத் தொடங்கியது, ஏற்றி முடித்தது, கேட்டை விட்டுப் போனது. ஏற்றும் வேலைதான் தாமதம் என்று அதுவரை எல்லோரும் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள், ஆள் போதாது, ஃபோர்க்லிஃப்ட் போதாது என்று. ஏட்டில் வந்தது வேறு. ஏற்றுவதற்கு ஆன நேரம் பெரிதாக மாறவே இல்லை. ஏற்றும் முன் வரிசையில் நிற்பதும், ஏற்றி முடித்துக் கதவைச் சாத்திய பிறகு பில்லுக்காக நிற்பதும்தான் நேரத்தைத் தின்றன. இரண்டாவதை என்னால் சகிக்கவே முடியவில்லை. சரக்கு உள்ளே இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், டீசல் இருக்கிறது, ஒரு காகிதம் மட்டும் இல்லை.

காகிதத்தைச் சரிசெய்வது எளிதாக இருந்தது. ஏற்றி முடித்து எண்ணிய பிறகு பில் தட்டுவதை மாற்றி, ஏற்றும்போதே வரைவு தயாராகி, கடைசி எண்ணிக்கை வந்ததும் திருத்தி அச்சடிக்கும்படி செய்தோம். வரிசையைச் சரிசெய்ய அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எல்லா வண்டிகளும் காலையிலேயே வந்து நின்றன, ஏனென்றால் முன்னால் வந்தவருக்கு முன்னால் லோடு. அந்த விதி இருக்கும்வரை சீக்கிரம் வருவதுதான் புத்திசாலித்தனம், அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் ஒதுக்கி, ஒதுக்கிய நேரத்துக்கு வந்தவருக்கே முன்னுரிமை என்று மாற்றினோம். முதல் சில வாரங்கள் கேட்டில் ஒரே சண்டை. நேரத்துக்கு வந்தவர் நேரத்துக்கு வெளியே போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடங்கியது. டிராக்டர்-டிரைலர் வண்டிகளுக்கு, அதாவது எஞ்சினும் கேபினும் உள்ள முன்பகுதியைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய வண்டிகளுக்கு, இன்னொரு வழி இருந்தது. காலி டிரைலரை விட்டுவிட்டு, முன்பே ஏற்றி வைத்த டிரைலரை மாட்டிக்கொண்டு கிளம்புவது. இதற்கு டிராக்டரைவிட அதிக எண்ணிக்கையில் டிரைலர்கள் வேண்டும். ஆனால் ஏதாவது ஒன்று சும்மா நிற்கத்தான் வேண்டும் என்றால், எஞ்சினும் டிரைவரும் இல்லாத டிரைலர்தான் நிற்க வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு நிற்பதும் இதோடு குறைந்தது. பெரிய டீசல் லாரி சும்மா நின்றாலே மணிக்கு 2 முதல் 4 லிட்டர் குடிக்கும். தவிர, கிலோமீட்டரில் பதிவாகாத தேய்மானம் எஞ்சினில் ஏறும். அதிகம் நின்று ஓடும் வண்டிகளுக்கு ஆயில் மாற்றுவதைக் கிலோமீட்டரோடு எஞ்சின் மணிக்கணக்கும் பார்த்து முடிவு செய்தோம். 'எஞ்சினை அணைக்கவும்' என்று பலகை மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புழுங்கும் கேபினில் காத்திருக்கிறவர் ஏசிக்காகத்தான் ஓடவிடுகிறார். கேட்டருகே உட்கார ஓர் அறையும், முறை வந்ததும் போனில் அழைப்பும் கொடுத்தோம். பலகை தேவைப்படவில்லை.

இந்த நேரமெல்லாம் மீண்டபோது, கூடுதல் வண்டி வாங்க வேண்டும் என்று காத்திருந்த கோரிக்கையைத் திட்டப் பிரிவே திரும்பப் பெற்றுக்கொண்டது. டீசலில் மிச்சமானது இதோடு ஒப்பிட்டால் சில்லறைதான்.

பாதைத் திட்ட மென்பொருளைப் பற்றிக் கேட்பார்கள். வண்டிகளை எந்த வரிசையில் அனுப்புவது என்ற கணக்கை டான்ட்ஸிக், ராம்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1959இலேயே எழுதிவிட்டார்கள், 1964இல் கிளார்க், ரைட் தந்த, பாதைகளை இணைத்துத் தூரத்தை மிச்சப்படுத்தும் சேமிப்பு முறை இன்றும் பாடமாக இருக்கிறது. கணிதத்தில் குறை இல்லை. நாம் கொடுக்கும் எண்களில்தான் குறை. எங்கள் மென்பொருளில் எல்லா இடத்திலும் இறக்க ஒரே நேரம் ஆகும் என்று போட்டிருந்தது. இடத்துக்கு இடம் உண்மையான நேரத்தைப் போட்டதும், எந்தச் சந்தில் நீள வண்டி திரும்பாது என்று டிரைவர்கள் சொன்னதைச் சேர்த்ததும், அதே மென்பொருள் உருப்படியாக வேலை செய்தது.

பராமரிப்பில் ஒன்று சொல்ல வேண்டும். ஆயிலை மாற்றும்போது சிறிது எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஒரு வண்டியின் ஆயிலில் சிலிக்கான் ஏறியிருந்தது. சிலிக்கான் கூடினால் முதலில் தூசியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஏர் ஃபில்டர் புதிதாக இருந்தது. ஃபில்டருக்கு அப்பால் குழாய் இணைப்பில் கிளிப் தளர்ந்து, வடிகட்டாத காற்று நேரே உள்ளே போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் புகையத் தொடங்குமுன் பிடித்தோம்.

இன்னும் தீராதது சிறிய விநியோக வண்டிகள். அவற்றின் புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் வேண்டும். சிறிது தூரம் போய் நிற்கும் ஓட்டத்தில் அந்தச் சூடு வருவதே இல்லை. எரிப்பு பாதியில் நின்றால் எரியாத டீசல் ஆயிலில் இறங்குகிறது, ஆயில் மட்டம் உயர்கிறது. இப்போதைக்கு நீண்ட பாதைகளை எல்லா வண்டிகளுக்கும் சுழற்சியில் கொடுக்கிறோம், ஆயில் குச்சியில் மட்டம் ஏறுகிறதா என்று வாராவாரம் பார்க்கிறோம். அந்த ஓட்டங்களை மின்சார வண்டிக்கு மாற்றினால் என்ன என்ற கணக்கு மேசையில் இருக்கிறது. அதிலும் முதலில் கேட்டிருப்பது, சார்ஜ் ஏறும் நேரத்தில் வண்டி எங்கே நிற்கும் என்பதைத்தான்.