காலுக்குப் போன காற்று

2023 டிசம்பர் 9, சனி

அடிவாரம் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. முன்கண்ணாடியின் உட்புறம் முழுவதும் ஆவி படிந்ததால் வைப்பரால் பயனில்லை. ஹீட்டரைப் போட்டு, காற்றின் திசையைக் கண்ணாடிக்குத் திருப்பினேன்; இதமான சூடு வரத்தான் செய்தது, ஆனால் கால்களில் வந்தது. மனைவி துண்டால் துடைத்துக்கொண்டே வர, சன்னலைச் சற்று இறக்கிவிட்டு, ஏற்காடு ஒண்டிக்கடை வரை ஊர்ந்துதான் போனோம்.

டிசம்பர் 10, ஞாயிறு

மலையிலிருந்து புறப்படும் முன், வண்டியை நிறுத்தி வைத்தே, காற்றின் திசையை மாற்றும் நாபை ஒவ்வொரு நிலையாகத் திருப்பிப் பார்த்தேன். முகம் என்று வைத்தால் முகத்துக்கு வருகிறது. கால் என்று வைத்தால் முகத்துக்கும் காலுக்குமாகப் பிரிகிறது. கண்ணாடி என்று வைத்தால் காலோடு நின்றுவிடுகிறது. எல்லாம் ஒழுங்காகவே பின்தங்கி வருவதால், உள்ளே எதுவும் உடைந்திருக்காது, நாபிலிருந்து போகும் கேபிள் நகரும் தூரம்தான் குறைகிறது என்று தோன்றியது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் மடல் (காற்றின் வழியைத் திறந்து மூடும் தகடு) வேறு, காற்றைப் பிரித்து அனுப்பும் மடல்கள் வேறு என்பதால், சூடு சரியாக வரும்வரை ஹீட்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் தொலைபேசியில் வாக்குவம் குழாயைப் பார்க்கச் சொன்னார். அங்குள்ள பல பழைய கார்களில் இன்ஜினின் உறிஞ்சுவிசைதான் இந்த மடல்களை அசைக்கிறது. குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று தானாகவே கண்ணாடிக்குப் போய்விடும். ஓட்டுநரின் பார்வை மறையக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. என் வண்டியில் நடப்பதோ இதற்கு நேர்மாறு, அதோடு இதில் இருப்பது வெறும் கேபிள்.

டிசம்பர் 12, செவ்வாய்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஏசி பட்டறையில் காட்டினேன். கேஸ் நிரப்பினால் சரியாகிவிடும் என்றார்கள். ஹீட்டருக்குச் சூடு இன்ஜினைச் சுற்றிவரும் கூலன்டிலிருந்து வருகிறது. காற்று எந்தத் துவாரத்தில் வெளிவர வேண்டும் என்பதில் கேஸுக்கு வேலையே இல்லை. நன்றி சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 16, சனி

காலையில் டார்ச்சுடன் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் தலைகீழாகப் படுத்து (இந்த வயதில் இது தனி வித்தை), ஆக்சிலரேட்டர் பெடலுக்கு மேலே ஹீட்டர் பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தேன். நாபிலிருந்து வரும் கேபிள் அங்கே ஒரு பிளாஸ்டிக் லீவரைத் தள்ளுகிறது. அந்த லீவர்தான் மடல்களைத் திறந்து மூடுகிறது. கேபிளின் மேலுறையைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்க வேண்டிய கிளிப்பின் நாக்கு முறிந்து, உறை தன் இடத்தைவிட்டு நழுவியிருந்தது. உள்ளே இருக்கும் கம்பி நகர வேண்டிய நேரத்தில் உறையும் சேர்ந்து பின்வாங்கினால், லீவர் கடைசி நிலைக்கு எப்படிப் போய்ச் சேரும்?

கோடையில் கூலிங் காயில் மாற்றியபோது டேஷ்போர்டையே கழற்றினார்கள். மாட்டும்போது கிளிப்பை முரட்டுத்தனமாக அழுத்தியிருக்க வேண்டும். சேலத்து வெயிலில் நாபை முகத்திலிருந்து நகர்த்தும் தேவை யாருக்கும் வருவதில்லை, அதனால் டிசம்பர் வரை இது வெளியில் தெரியவில்லை.

நாபைக் கண்ணாடி நிலைக்கு முழுவதும் திருப்பி, லீவரையும் விரலால் அதே கோடிக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, உறையைப் பழைய தடத்தில் வைத்துக் கேபிள் டையால் (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) இறுக்கினேன். இந்த வரிசை முக்கியம். இரண்டும் கோடியில் இல்லாமல் இறுக்கினால் பழைய கோளாறே திரும்ப வரும். புதிய கிளிப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

விடியற்காலையில் மறுபடியும் மலையேறினோம். கண்ணாடிக்கு வைத்து, ஏசியையும் சேர்த்துப் போட்டு, உள்காற்றையே சுழலவிடும் பொத்தானை அணைத்ததும் ஆவி விரைவாக விலகியது. ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், குளிரிலும் அதைப் போடுவது வீண்செலவு இல்லை. கால் நிலையில் வைத்தபோது மட்டும் கண்ணாடிப் பக்கம் கொஞ்சம் காற்று கசிவதை மனைவி சுட்டிக்காட்டினாள். பல கார்களில் அது வேண்டுமென்றே விடப்படும் கசிவுதான் என்பதால், மறுபடியும் பெடலுக்கு அடியில் படுக்கவில்லை.