அயனோகிராமில் ஓர் அந்திப்பொழுது

வளிமண்டலத்தின் மேற்பகுதியில் சூரியக் கதிர்களால் பிரிந்த எலக்ட்ரான்களும் அயனிகளும் நிறைந்த அயனி மண்டலத்தின் உயரத்தை அயனோசோண்ட் அளக்கிறது என்று பாடநூல்கள் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன. உண்மையில் அக்கருவி அளப்பது நேரத்தைத்தான். செங்குத்தாக மேல்நோக்கி ஒரு வானொலித் துடிப்பை அனுப்பி, அது அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வர எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்று குறித்துக்கொள்கிறது. பிறகு அலைவெண்ணைச் சற்றே உயர்த்தி மறுபடியும் அனுப்புகிறது. சுமார் 1 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 20 மெகாஹெர்ட்ஸ் வரை இவ்வாறு ஏறிச்சென்றால் கிடைக்கும் படமே அயனோகிராம். அதன் கிடையச்சில் அலைவெண்ணும் நெட்டச்சில் உயரமும் இருக்கும். அந்த உயரமும்கூட, துடிப்பு வழிநெடுக ஒளியின் வேகத்திலேயே போய்வந்தது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்குதான். 2 மில்லிவினாடி என்றால் 300 கி.மீ. ஆனால் எலக்ட்ரான்கள் நிறைந்த பகுதிக்குள் நுழைந்ததும் துடிப்பின் வேகம் தளர்ந்துவிடுவதால், மெய்யான உயரம் எப்போதும் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இந்தத் துடிப்பு முறை 1925இல் அமெரிக்காவில் பிரைட், டூவ் ஆகிய இருவர் கையாண்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1924 டிசம்பரில், ஆப்பிள்டனும் பார்னெட்டும் இங்கிலாந்தில் பிபிசியின் போர்ன்மத் ஒலிபரப்பியைக் கொண்டு வேறொரு முறையில் அயனி மண்டலம் இருப்பதை மெய்ப்பித்திருந்தார்கள். நோபல் பரிசு 1947இல் ஆப்பிள்டனுக்குக் கிடைத்தது; நிலைத்து நின்றதோ துடிப்பு முறை.

நல்ல பகல்நேர அயனோகிராமில், அயனி மண்டலத்தின் மேலடுக்கான எஃப் அடுக்கின் கோடு முதலில் கிடையாகச் சென்று, ஓர் அலைவெண்ணை நெருங்கியதும் விறுவிறுவென மேலே வளைந்து மறைந்துவிடும். அந்த அலைவெண்ணுக்கு மேற்பட்ட அலைகள் அடுக்கைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடுகின்றன. அது 9 மெகாஹெர்ட்ஸ் என்றால், அடுக்கின் உச்சத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 லட்சம் எலக்ட்ரான்கள் உள்ளன என்று அடித்துச் சொல்லலாம். அலைவெண் இருமடங்கானால் அடர்த்தி நான்கு மடங்கு. புவியின் காந்தப்புலம் அலையை இரண்டாகப் பிரித்துவிடுவதால், கோடும் நம் பகுதியில் சுமார் அரை மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இரட்டையாகவே தெரியும். உச்சத்துக்கு அப்பால் உள்ள பகுதியைத் தரையிலிருந்து எந்த அயனோசோண்டாலும் பார்க்க முடியாது. அதற்காகவே கனடா 1962 செப்டம்பரில் அலூயெட் 1 செயற்கைக்கோளைச் சுமார் 1,000 கி.மீ. உயரத்துக்கு அனுப்பி, மேலிருந்து கீழ்நோக்கித் துடிப்புகளை விடச் செய்தது.

புவியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக அமையும் கோடான காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனை வழியாகச் செல்கிறது. தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும், கொடைக்கானல் வான் ஆய்வகத்தில் 1950களிலேயே அயனோசோண்ட் இயங்கத் தொடங்கியதற்கும், திருநெல்வேலி அருகே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்கும் இந்தக் கோடு முக்கியமான காரணம். பகலில் இதன் மேலே, சுமார் 105 கி.மீ. உயரத்தில், கிழக்கு நோக்கி வலுவான மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. அயனோகிராமில் அது 100 கி.மீ. அளவில் பட்டையான தனிக் கோடாகத் தெரியும். சில பிற்பகல்களில் அந்தக் கோடு திடீரென்று காணாமல் போகும். அதே வேளையில் காந்தமானியைப் பார்த்தால் மின்னோட்டம் திசைமாறி மேற்கு நோக்கிப் பாய்வது தெரியவரும்.

ஆயினும் என்னை அதிகம் ஈர்ப்பது அந்திப்பொழுதுதான். மார்ச் அல்லது செப்டம்பரை ஒட்டிய ஒரு நாளில், சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டாக இருந்தால், சூரியன் மறையும் நேரத்தில் எஃப் அடுக்கு கீழே இறங்குவதற்கு மாறாக விரைந்து மேலேறும். மாலை ஆறு மணி வாக்கில் 250 கி.மீ. அளவில் இருந்த அதன் அடிப்பகுதி ஏழரை மணிக்குள் 400 கி.மீ. வரை போய்விடக்கூடும். பகலில் நிலவும் கிழக்குநோக்கிய மின்புலம், தான் மறையுமுன் ஒருமுறை வலுப்பெற்று, காந்தப்புலத்தோடு சேர்ந்து அயனிகளை மேலே தள்ளுவதே இதற்குக் காரணம். அடியில் இருந்த அடுக்குகள் இருட்டியதும் கரைந்துபோக, கனமான எஃப் அடுக்கு ஏறத்தாழ வெறுமையின் மேல் நிற்கும் நிலை உண்டாகிறது. அந்நிலை நெடுநேரம் தாங்காது. அடர்த்தி குறைந்த குமிழிகள் அடியிலிருந்து கிளம்பி அடுக்கைக் கிழித்துக்கொண்டு மேலெழும்பும். அப்போது எடுத்த அயனோகிராமில், எழுதிய மையின்மேல் ஈரக்கை பட்டதுபோல, கோடு முழுவதும் கலைந்து பரவிக் கிடக்கும். பெரு நாட்டின் உவாங்காயோவில் இதைக் கண்டு புக்கரும் வெல்ஸும் 1938இலேயே எழுதியிருக்கிறார்கள்.

அயனோகிராம்களைக் கையால் அளவெடுக்கும் மரபில், எண்ணைத் தீர்மானிக்க முடியாத இடத்தில் ஓர் எழுத்தைப் போடுவது விதி. கருவி பழுதானால் சி (C). சூரிய வெடிப்பால் அலைகள் உறிஞ்சப்பட்டால் பி (B). எதிரொலி பரவியிருந்தால் எஃப் (F). நடுக்கோட்டு நிலையங்களின் பழைய அட்டவணைகளில் அக்காலத்து இரவுப் பத்திகளைப் புரட்டினால் எஃப் எழுத்தே வரிசையாக நிற்கும். எண்களைத் தேடுவோருக்கு அது எரிச்சல். எனக்கோ அட்டவணையிலேயே அதிகம் சொல்லும் பகுதி அதுதான் என்று தோன்றுகிறது. இன்று அளவெடுக்கும் வேலையைக் கணினி செய்கிறது. பகல் படங்களில் அதைக் குறைசொல்ல அதிகம் இல்லை. கலைந்த படத்திலோ இல்லாத கோடொன்றைத் தானே வரைந்து, அதற்கு ஓர் உயரத்தையும் கொடுத்துவிடுகிறது. இத்தகைய இரவுகளின் படங்களை மனிதக் கண் ஒருமுறை பார்க்காமல் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து.

இதே குமிழிகள்தான் ஜிபிஎஸ் சமிக்ஞைகளை நடுங்கச் செய்து, சில வேளைகளில் கருவியின் பிடியிலிருந்தே நழுவவிடுகின்றன. அதே ஜிபிஎஸ்ஸைக் கொண்டு எலக்ட்ரான்களை எண்ண முடியும்போது அயனோசோண்ட் எதற்கு என்று கேட்போர் உண்டு. செயற்கைக்கோளிலிருந்து தரை வரை வழியில் மொத்தம் எத்தனை எலக்ட்ரான்கள் உள்ளன என்பதைத்தான் ஒரு ஜிபிஎஸ் ஏற்பி சொல்லும். அவை எந்த உயரத்தில் எவ்வளவு உள்ளன, அடுக்கின் அடிப்பகுதி இன்று மாலை எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கியது என்பதை அதனால் சொல்ல முடியாது. குமிழி எழுமா என்று முன்கூட்டிக் கணிக்க முயல்வோர் முதலில் பார்ப்பது அந்த ஏற்றத்தின் வேகத்தையே. அதற்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்த அயனோகிராம்கள் வேண்டும்.